கூண்டு வழி வந்த கிளி

லண்டனின் தென்மேற்குப் புறநகர்களில், டூட்டிங்கிலும் நியூ மால்டனிலும் கிங்ஸ்டனிலும், தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த வட்டாரத்தில்தான் பச்சைக்கிளிகளும் நிறைய. கொல்லையில் பறவைகளுக்கென்று கட்டிவிட்ட கம்பிக் குடுவையில் தலைகீழாகத் தொங்கியபடி வேர்க்கடலை கொறிக்கும் கிளியை, ஊரிலிருந்து வந்த அம்மாவுக்குக் காட்டி, "நம்ம ஊர்க் கிளிம்மா" என்பார்கள். அம்மாவுக்கும் சந்தேகம் வராது. சிவந்து வளைந்த மூக்கு, நீண்ட வால், ஆண்கிளியின் கழுத்தில் கறுப்பும் இளஞ்சிவப்புமாக ஓடும் ஆரம், பறக்கும்போது காதைக் கிழிக்கும் 'கீ... கீ' கத்தல். செந்தார்ப் பைங்கிளிதான். நம் கோயில் கோபுரங்களின் பொந்துகளில் குடியிருக்கும் அதே இனம்.

இனம் சரி, ஊர்தான் வேறு. கென்ட் பல்கலைக்கழகத்தின் ஹேசல் ஜாக்சன் குழுவினர் 2015இல் இதை மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். எந்த ஊரில் பிடித்தது என்று காலில் சீட்டுக் கட்டி அருங்காட்சியகங்களில் வைத்திருந்த பழைய கிளிகளின் மரபணு ஒரு பக்கம். ஐரோப்பிய நகரங்களில் இன்று பறந்து திரியும் கிளிகளின் மரபணு மறுபக்கம். ஒப்பிட்டால், ஐரோப்பியக் கிளிகளில் பெரும்பகுதியின் பூர்வீகம் பாகிஸ்தானும் வட இந்தியாவும் என்று வந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது தனித் துணையினம். ஆப்பிரிக்காவில், செனகல் தொடங்கி சோமாலியா வரை, இன்னும் இரண்டு துணையினங்கள் உண்டு. எல்லாமே கூண்டில் ஏறிக் கடல் கடந்தவைதான். ஆனால் லண்டனில் வேர் பிடித்தது பெரும்பாலும் வடக்கத்திக் கிளி. இமயமலை அடிவாரத்துப் பனியும் பஞ்சாபின் டிசம்பர் இரவும் பழகிய உடம்பு அதற்கு. மதுரைக் கிளியை அனுப்பியிருந்தால் ஒரு குளிர்காலம் தாண்டியிருக்குமோ என்னவோ.

இந்தப் பயணம் தொடங்கும் இடம் ஒரு மரப்பொந்து. செந்தார்ப் பைங்கிளி கூடு கட்டாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்துவிட்டுப் போன பொந்தைத் தேடிப் பிடித்து, வாயிலைக் கொஞ்சம் கொறித்து அகலப்படுத்திக்கொண்டு குடியேறும். வட இந்தியாவில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை முட்டைக் காலம். மூன்று நான்கு முட்டைகள், மூன்று வார அடைகாப்பு, பிறகு ஏழு வாரம் போலக் குஞ்சு பொந்துக்குள்ளேயே வளரும். அந்த ஏழு வாரம்தான் பிடிப்பவரின் பருவம். இறகு முளைத்தும் முளைக்காமலும் இருக்கும் குஞ்சைக் கையால் ஊட்டி வளர்த்தால்தான் மனிதரிடம் ஒட்டும், பேச்சும் படியும் என்பது தொழிலின் பாலபாடம். வளர்ந்த பறவைகளுக்கு வலையும் கண்ணியும் பிசின் தடவிய குச்சியும். பஹேலியா, மீர்ஷிகார், பார்தி என்று பரம்பரையாகப் பறவை பிடித்துப் பிழைத்த சமூகங்கள் வடக்கே உண்டு. அவர்கள் கைக்கு வந்தது சில்லறை. பிடித்த கிளி கூடைகளில் நெருக்கி அடைக்கப்பட்டு நகரச் சந்தைக்கு வந்தபோது விலை ஏறியது, துறைமுகத்தில் இன்னும் ஏறியது. வழியில் செத்தவற்றுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. கிளி ஜோசியக்காரரின் சின்னக் கூண்டிலிருந்து நடந்து வந்து சீட்டு எடுத்துக் கொடுக்கும் பறவை, இறக்கை நறுக்கப்பட்ட இதே செந்தார்ப் பைங்கிளிதான். மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் தோளிலும் கிளியை வைத்துக் கும்பிடுகிறோம். தினைப்புனத்தில் பரண் கட்டி அதே கிளியை விரட்டியும் இருக்கிறோம். தழல், தட்டை, குளிர் என்று விரட்டுவதற்கென்றே இருந்த கருவிகள் குறிஞ்சிப்பாட்டில் வருகின்றன. சோளமும் சூரியகாந்தியும் கொய்யாவும் போட்ட விவசாயியைக் கேட்டால் இன்றும் கிளியைப் பற்றி நல்ல வார்த்தை வராது. கும்பிடுவதும் விரட்டுவதும் அடைப்பதும் ஒரே ஊரில் ஒரே நாளில் நடக்கும். அதில் முரண் இருப்பதாக நாம் நினைத்ததே இல்லை.

மேற்கே போன முதல் கிளி எது என்று சொல்ல முடியாது. ஆனால் பாரசீக மன்னரிடம் வைத்தியராக இருந்த கிரேக்கர் தீசியஸ், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியாவில் மனிதர்போல் பேசும் பறவை ஒன்று உண்டு என்று எழுதிவைத்தார். அலெக்சாண்டரின் படையெடுப்புக்குப் பிறகு வழி திறந்தது. எகிப்தின் இரண்டாம் தாலமி அலெக்சாந்திரியாவில் நடத்திய மாபெரும் ஊர்வலத்தில் கூண்டுக்கிளிகளும் போயின. ரோமாபுரியில் அது பெரிய வீட்டுப் பொருளாயிற்று. காதலியின் கிளி செத்ததற்கு ஓவிட் இரங்கற்பா பாடினார். பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில், இந்தியாவிலிருந்து வருவது, உடல் முழுக்கப் பச்சை, கழுத்தில் மட்டும் சிவப்பு வளையம் என்று அடையாளம் சொல்கிறார். பேரரசர்களுக்கு வணக்கம் சொல்லும், மது கொடுத்தால் ஆட்டம் அதிகமாகும் என்றும் சொல்கிறார். கூடவே ஒரு பயிற்சி முறையும்: கிளியின் மண்டை கெட்டி என்பதால், பேச்சுக் கற்றுக்கொடுக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அதற்கு அடி உறைக்காதாம். அந்தக் கழுத்து வளையத்தைப் படிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி இந்தக் கம்பி வரும் இடத்தில் போய்விடுகிறது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளைத் தாண்டிவிடலாம். கிளி அரண்மனைப் பொருளாகவே இருந்தது. அது நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைக்கு இறங்கியது விக்டோரியா மகாராணி காலத்தில். நீராவிக் கப்பல்கள், 1869இல் திறந்த சூயஸ் கால்வாய், கிழக்கே பரந்து கிடந்த சாம்ராஜ்யம் எல்லாம் சேர்ந்து பயண நாளைக் குறைத்தன. பறவை உயிரோடு வந்து சேர்ந்தது. லண்டன் துறைமுகத்தை ஒட்டிய ராட்கிளிஃப் ஹைவேயில் சார்லஸ் ஜாம்ராக் என்பவர் நடத்திய கடையில் புலி முதல் கிளி வரை கிடைத்தது. மாலுமிகள் கொண்டுவந்ததை அவர் வாங்கிக்கொள்வார்.

கூண்டு என்று இருந்தால் கதவு திறக்கும் நாளும் உண்டு. 1855இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள நார்ஃபோக்கில் இந்தக் கிளியை வெளியே பார்த்ததாக முதல் பதிவு. 1893இல் லண்டனின் டல்விச்சில், அடுத்த ஆண்டு பிரிக்ஸ்டனில். இவை எதுவும் நிலைக்கவில்லை. நாலு கிளி தப்பினால் இரண்டு பருந்துக்கு, இரண்டு பனிக்கு என்று கணக்கு முடிந்துபோகும். ஒரு பறவை புது மண்ணில் வேரூன்றத் தேவை ஒரு வீரத் தப்பித்தல் அல்ல. பல இடங்களில், பல ஆண்டுகள், சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் லண்டன்வாசிகளுக்குக் கசிவில் சுவை இல்லை. கதை வேண்டும். எனவே சொல்கிறார்கள்: ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அறுபதுகளின் இறுதியில் கார்னபி தெருவில் ஒரு ஜோடிக் கிளியைப் பறக்கவிட்டார், இன்று இருப்பதெல்லாம் அவற்றின் வம்சம். இல்லை இல்லை, 1951இல் 'ஆப்பிரிக்கன் குயீன்' படத்துக்காக ஐல்வொர்த் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்த கிளிகள் செட்டிலிருந்து தப்பின. ஹம்ஃப்ரி போகார்ட்டும் கேத்தரின் ஹெப்பர்னும் சாட்சி. அதுவும் இல்லை, 1987 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் பறவைக்கூடம் ஒன்று உடைந்தது. சையன் பூங்காவில் விமானத்திலிருந்து விழுந்த ஏதோ ஒன்று கூண்டின் கூரையைப் பொத்துவிட்டது என்றும் ஒரு கிளைக்கதை உண்டு. டிம் மிட்செலும் நிக் ஹன்டும் இந்தக் கிளிகளைத் தேடி நகரம் முழுக்க நடந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டு, 2019இல் ஒரு புத்தகமே எழுதினார்கள்.

புயல் கதையைத் தள்ள ஆராய்ச்சி தேவையில்லை. 1969இலேயே கென்ட்டில் கிளிகள் காட்டில் குஞ்சு பொரித்தது பதிவாகிவிட்டது. 1987இல் அடித்த புயல் அதற்குக் காரணமாக முடியாது. மற்றவற்றைச் சோதித்தவர் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லெ காம்பர். அவர் கையிலெடுத்தது போலீஸ்காரர்களின் கருவி. தொடர் குற்றவாளி ஒருவன் எங்கெங்கே கைவரிசை காட்டினான் என்று வரைபடத்தில் குறித்து, அவன் வீடு எந்தப் பகுதியில் இருக்கக்கூடும் என்று கணக்கிடும் புவியியல் முறை அது. மலேரியாக் கொசு பெருகும் குட்டையைத் தேடவும், சுவர் ஓவியர் பேங்ஸி யார் என்று துழாவவும் இதே முறையை அவர் பயன்படுத்தியவர். 1968 முதல் 2014 வரை பிரிட்டன் முழுவதும் கிளியைப் பார்த்ததாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பதிவுகளை அந்தக் கணக்கில் ஓட்டினார்கள். கார்னபி தெரு வரவில்லை, ஐல்வொர்த் வரவில்லை, சையன் பூங்காவும் வரவில்லை. ஒரே மூலம் என்று சுட்ட எதுவும் இல்லை. அங்கங்கே, அவ்வப்போது, தவறியும் வேண்டுமென்றும் வெளியே வந்த கிளிகள், அவ்வளவுதான். ஆய்வு 2019 டிசம்பரில் வெளியானபோது லெ காம்பர் உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பே காலமாகியிருந்தார்.

அந்த ஆய்வுக்காகப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டியதில் கிடைத்த சங்கதி, ஹெண்ட்ரிக்ஸைவிட எனக்குச் சுவாரஸ்யமானது. 1929 கடைசியில் கிளிக்காய்ச்சல் பரவியது. பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றி நுரையீரலைப் பிடிக்கும் நோய் அது; தென்னமெரிக்காவிலிருந்து வாங்கிய கிளிகளோடு பல நாடுகளுக்குப் போனது. செய்தித்தாள்கள் தினமும் பயமுறுத்தின. 1930இல் பிரிட்டன் கிளி இறக்குமதியையே தடை செய்தது. வீட்டில் கிளி வைத்திருப்பவர் என்ன செய்வார்? கழுத்தைத் திருக மனம் வராது. வைத்திருக்கவும் பயம். ஜன்னலைத் திறந்து கூண்டுக் கதவையும் திறந்துவிட்டால் கை சுத்தம். 1952இலும் இதே பீதி, இதே தலைப்புச் செய்திகள். கிளிகள் வெளியே வந்த வழிகளில் இது முக்கியமானதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நட்சத்திரப் பாடகர் விடுதலை கொடுத்தார் என்பதைவிட, காய்ச்சலுக்குப் பயந்து ஒரு குடும்பத் தலைவி துரத்திவிட்டாள் என்பது கேட்கக் குறைச்சலாக இருக்கிறது. அதனால்தான் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

1969க்குப் பிறகு நடந்தது வேகம். முதலில் கென்ட்டும் தேம்ஸ் நதியோரத் தென்மேற்குப் புறநகர்களும். பெரிய பூங்காக்கள், வயதான ஓக் மரங்கள், மரங்கொத்திப் பொந்துகள், வீட்டுக்கு வீடு தோட்டம். பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொல்லைக்கு வரும் பறவைக்குத் தீனி வைப்பது ஒரு தேசியப் பழக்கம். குளிர்காலத்தில் பழமும் தளிரும் இல்லாத மாதங்களில் வேர்க்கடலையும் சூரியகாந்தி விதையும் கம்பிக் குடுவையில் தொங்கின. பஞ்சாபில் கல்லெறி வாங்கித் தின்ன வேண்டிய சூரியகாந்தி, இங்கே கூப்பிட்டுக் கொடுக்கப்பட்டது. நகரத்தின் வெப்பமும் ஓரிரு டிகிரி கூடுதல். 1983இல் பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பறவைப் பட்டியலில் இந்தக் கிளி இடம் பிடித்தது. 1996இல் ஒரே மாலையில் பல இடங்களில் எண்ணியபோது சுமார் 1,500. 2012 வாக்கில் அதே முறையில் எண்ணியவர்கள் 30,000ஐத் தாண்டினார்கள்.

கணக்கெடுப்பவர்கள் மாலையில் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. பகலில் இவை ஐந்தும் பத்துமாகப் பிரிந்து மைல் கணக்கில் மேயும். இருட்டும் முன் ஒரே தோப்பில் அடைய வரும். சர்ரே மாவட்டத்து ஹெர்ஷமில் எஷர் ரக்பி கிளப்பின் மைதானத்தை ஒட்டி வரிசையாக நின்ற பாப்லர் மரங்களில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏழாயிரம் வரை அடைந்தன. தென்கிழக்கு லண்டனின் ஹிதர் கிரீன் கல்லறைத் தோட்டமும் பெயர்பெற்ற அடையுமிடம். குளிர்கால மாலை மூன்றரை மணிக்கு அங்கே போய் நின்றால் முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு தூரத்தில் ஒரு கத்தல். எட்டுப் பத்துக் கிளிகள் அம்புபோல, இறக்கையை விரைந்து அடித்து, தலைக்கு மேலே நேர்கோட்டில் கடக்கும். நேரே அடையும் மரத்துக்குப் போகாது. பக்கத்தில் ஒரு மொட்டை மரத்தில் உட்கார்ந்து அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கும். திசைக்கொரு கூட்டமாக வந்துகொண்டே இருக்கும். இலையுதிர்ந்த மரத்துக்கு மறுபடி இலை முளைத்தது என்று நினைக்க வைக்கும். பிறகு யார் சொல்லியோ எல்லாம் ஒரே வீச்சில் எழும்பிச் சுற்றி வந்து தோப்புக்குள் கொட்டும். இடத்துக்குச் சண்டை, கிளைக்குச் சண்டை, பக்கத்தில் யார் என்பதற்குச் சண்டை. பக்கத்தில் நிற்பவரிடம் பேச முடியாது. இருட்டு முழுதாக விழுந்ததும் அடங்கும். கீழே நின்று பார்ப்பவர் தொப்பி போட்டுக்கொள்வது நல்லது.

நெருங்கிப் பார்க்க விரும்புகிறவருக்கு ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். மரங்கள் மொட்டையாக இருப்பதால் பொந்துகள் தெரியும். கழுத்தில் ஆரம் உள்ளது வயதுவந்த ஆண். ஆரம் முழுதாக வர இரண்டு மூன்று வயதாகும், அதனால் ஆரம் இல்லாததெல்லாம் பெண் என்று முடிவு கட்டக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி இந்த இனத்தில் பெண்ணுக்குத்தான் அதிகாரம். தீனியில் ஆண் ஒதுங்கி நிற்கும். இணைசேரும் காலத்தில் மட்டும் ஆண் கிட்டே வந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கும்பிடு போட்டு, தன் வாயிலிருந்து பெண்ணுக்கு ஊட்டும். ரிச்மண்ட் பூங்காவின் ஓக் மரங்களில் இந்த நாடகத்தைச் சாவகாசமாகப் பார்க்கலாம். கென்சிங்டன் கார்டன்ஸில் ஆப்பிள் துண்டை நீட்டினால் தலையிலும் தோளிலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது; படம் எடுக்க வரிசை நிற்கிறது. தீனி போடாதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் வேண்டிக்கொண்டே இருக்கிறது. என் வாக்கு நிர்வாகத்துக்கு.

ஏனென்றால் தீனியில் பெருகும் இவை பொந்து பிடிக்கும் நேரம்தான் சிக்கல். உள்ளூர்ப் பறவைகள் ஏப்ரல் பக்கம் பொந்து தேடி வருமுன், பிப்ரவரியிலேயே கிளி பெயர்ப்பலகை மாட்டிவிடுகிறது. பெல்ஜியத்தில் டீடெரிக் ஸ்ட்ருப்பேயும் எரிக் மத்தீசனும் ஒரு சோதனை செய்தார்கள். கிளிகள் முட்டையிட்டிருந்த பொந்துகளை அடைத்துவிட்டுப் பார்த்தபோது, அவை நட்ஹாட்ச் என்ற சிறு குருவியின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன. குருவிகளின் எண்ணிக்கை குறைந்தது. பிரிட்டனில் அதே கேள்வியைக் கேட்டபோது அப்படி ஒரு பாதிப்பு தென்படவில்லை. ஆனால் லண்டன் தோட்டங்களில் ஹன்னா பெக் நடத்திய ஆய்வில், தீனிக் குடுவை அருகே கிளி இருந்தாலே மற்ற சிறு பறவைகள் குறைவாகத் தின்று, அதிகமாகத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. மோசமான செய்தி ஸ்பெயினின் செவில் நகரத்து மரியா லூயிசா பூங்காவிலிருந்து வந்தது. பெரிய நாக்டூல் என்ற அரிய வௌவால்கள் தங்கும் மரப்பொந்துகளைக் கிளிகள் தாக்கிப் பிடித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கடித்துக் கொல்லவும் செய்தன. சேஷெல்ஸ் தீவில் சொந்தக் கறுப்புக் கிளியைக் காப்பாற்ற வேண்டும் என்று வந்தேறிப் பச்சைக்கிளிகளை ஒன்றுவிடாமல் அழித்து, 2019இல் பணி முடிந்தது என்று அறிவித்தார்கள். தீவில் அது முடியும், லண்டனில் முடியாது. முப்பதாயிரம் பறவையைப் புறநகர்க் கொல்லைகளில் சுட எந்த அரசு துணியும்?

பிரிட்டிஷ் சட்டம் ஒரு விநோதமான இடத்தில் நிற்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைக்குரிய பாதுகாப்பு இந்தக் கிளிக்கும் உண்டு. அதே சட்டப்படி இதைக் கூண்டிலிருந்து வெளியே விடுவது குற்றம். 2010 முதல், பயிருக்குப் பெருஞ்சேதம் என்றால் நில உரிமையாளர் பொது உரிமத்தின் கீழ் சுடலாம். தோட்டக்காரர்களின் ஆப்பிளும், சர்ரேயில் திராட்சையும் ஏற்கெனவே பறிபோயிருந்தன. நம் தினைப்புனத்துக் கதைதான்.

இதற்கிடையில் லண்டனின் பழைய குடிமகன் ஒருவர் கிளிக்குப் பழகிவிட்டார். உயரமான கட்டடங்களில் கூடுவைக்கும் பைரி வல்லூறு பொதுவாகப் புறா தின்னும். 2020 ஊரடங்கில் சாப்பாட்டு மிச்சம் வீசுவதற்கு ஆள் இல்லாமல் புறாக்கள் கலைந்தபோது, லண்டன் பைரிகளின் உணவில் புறா குறைந்து, ஸ்டார்லிங் குருவியும் பச்சைக்கிளியும் கூடின என்று கேமராக்கள் வழியாகக் கண்டார்கள்.

லண்டன் தனி ஊர் இல்லை. 1974இல் பிரஸ்ஸல்ஸின் மெலி பூங்கா இயக்குநர், நகரத்துக்குக் கொஞ்சம் நிறம் வரட்டும் என்று நாற்பது கிளிகள் அளவில் திறந்துவிட்டார். இன்று அங்கே ஆயிரக்கணக்கில். பாரிஸில் ஓர்லி விமான நிலையத்தில் சரக்கோடு வந்தவை தப்பின. டூசல்டார்ஃபில் விலையுயர்ந்த கடைகள் நிறைந்த கோனிக்ஸாலே வீதி மரங்களில் அடைந்து, கீழே நிற்கும் கார்களின் மேல் தங்கள் கருத்தைத் தெரிவிக்கின்றன. டோக்கியோவில் ஒரு காலத்தில் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்து ஜிங்கோ மரங்களில் அடைந்தன. 2015 கணக்கில் ஐரோப்பாவில் மட்டும் சுமார் 85,000.

இந்தக் கிளியைக் குடியேறிகளோடு ஒப்பிட்டுப் பேசுவது அங்கே வழக்கமாகிவிட்டது. பிடிக்காதவர்கள், வந்தேறிகள் நம் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறார்கள். பிடித்தவர்கள், பார், எத்தனை நிறம், எத்தனை உற்சாகம், இதுதான் இன்றைய லண்டன் என்கிறார்கள். நமக்கும் ஆசை வரும். பிரிட்டன் கிளியைப் பட்டியலில் சேர்த்த 1983தான், இலங்கையில் கறுப்பு யூலை நடந்து தமிழர்கள் லண்டனுக்கு ஓடிவரத் தொடங்கிய ஆண்டு. முடிச்சுப் போட வாகாகத்தான் இருக்கிறது. போடக் கூடாது. அகதி தன் காலால் புறப்பட்டவர். போகும் இடத்தைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பாவது இருந்தது. கிளி எங்கும் புறப்படவில்லை. அதைப் பிடித்தார்கள், விலை பேசினார்கள், கப்பலிலும் விமானத்திலும் ஏற்றினார்கள், சலித்தபோதோ பயந்தபோதோ வெளியே தள்ளினார்கள். அதன் பயணத்தில் பயணி கிடையாது, சரக்குதான் இருந்தது. ஹெண்ட்ரிக்ஸ் கதைகள் இனிப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அவற்றில் கிளி விடுதலை பெறுவதில் கதை தொடங்குகிறது. அது கூண்டுக்குள் வந்தது எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

அந்தச் சரக்குக்குக் கணக்கும் உண்டு. 1984க்கும் 2007க்கும் இடையே ஐரோப்பாவுக்குள் சட்டப்படி வந்த செந்தார்ப் பைங்கிளிகள் மட்டும் சுமார் 1,46,000. இந்தியா 1990-91 வாக்கில் தன் நாட்டுப் பறவைகளின் வியாபாரத்தை முழுதாகத் தடை செய்த பிறகும் மற்ற நாடுகளிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பறவைக்காய்ச்சலுக்குப் பயந்து 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவை இறக்குமதியை நிறுத்தியது. 2007 ஜூலை 1 முதல் அதையே நிரந்தரமாக்கியது. 1930இல் கிளிக்காய்ச்சல் சாதித்ததை இப்போது பறவைக்காய்ச்சல் சாதித்தது. கிளிமேல் இரக்கப்பட்டு யாரும் கதவை அடைத்ததாகத் தெரியவில்லை.

இங்கே, பிடித்த ஊரில், வேலை இன்னும் முடியவில்லை. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் மொட்டை மாடியில் பலகை போட்டு ஊறவைத்த அரிசியைப் பரப்பி ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் பல ஆண்டுகள் தீனி வைத்ததை ஊரே திரண்டு பார்த்தது. அதே சென்னையில், அதே மதுரையில், நீள்சதுரக் கூண்டில் ஒற்றைக் கிளியை வாசலில் தொங்கவிட்ட வீடுகளும் இருக்கின்றன. பிடித்தவர், விற்றவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் குற்றவாளி என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. குஞ்சிலிருந்து வளர்த்தேன், பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் சட்டத்தின் முன் செல்லாது.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ அப்படி ஒரு கிளி இருந்தால், பயந்து கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். இறக்கை நறுக்கிய, இரை தேடத் தெரியாத கிளி, தெருமுனையைத் தாண்டுவதற்குள் காக்கைக்கும் பூனைக்கும் போய்விடும். பக்கத்திலுள்ள வனத்துறை அலுவலகத்தில் கூண்டோடு கொண்டுபோய் ஒப்படையுங்கள். பறக்கத் தேறியவற்றை அவர்களே உரிய இடத்தில் விடுவார்கள்.